நெல்லிமடுவில் முப்பது நிமிடத்தில் ஐஸ் பெட்டி

உக்காருங்கண்ணா. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. வாரிசு சர்டிபிகேட்டா? போட்டுரலாம். உங்க ஆதாரைக் குடுங்க. மொதல்ல உங்க பேர்ல ஒரு நம்பர் உருவாக்கணும், அப்புறந்தான் அப்ளிகேஷனே தொறக்கும். சர்வர் சுத்துது பாருங்க, காலைல இருந்து இதே சுத்து. விரலை இதுல வைங்க. அழுத்தாதீங்க, சும்மா வைங்க. எடுக்கல. சட்டையில தொடச்சிட்டு வைங்க. என்ன வேலைங்கண்ணா பாக்கறீங்க, ரேகையே தேஞ்சு போயிருக்கு? கம்பி கட்டற வேலையா. ம். அப்ப கட்டை விரலை வைங்க. எடுத்துக்கிச்சு.

வாரிசு எத்தன பேரு? நீங்க ஒருத்தர் மட்டுந்தானா. அக்கா தங்கச்சி யாரும் இல்ல. சரி, அப்ப வேலை சுருக்கா முடிஞ்சிரும். நேத்து ஒருத்தர் வந்தாரு, எட்டு வாரிசு, எட்டு ஆதார், எட்டு சண்டை. இந்த ஸ்டூல் கால் நேத்து ஆட ஆரம்பிச்சதுதான்.

என்ன கேட்டீங்க? அந்த போர்டா? "வெப்சைட் செய்து தரப்படும், கூகுளில் முதலிடம் உத்தரவாதம்." நான் எழுதுனதுதான். ஏன், தொழில் எதுவும் வச்சிருக்கீங்களா? இல்லையா. முதலிடம் எப்படி வருதுன்னு சும்மா தெரிஞ்சுக்கணுமா?

அண்ணா, இந்த தம்மம்பட்டில மூணு வருஷமா உக்காந்திருக்கேன். சாதிச் சான்று, பட்டா நகல், ரேஷன் கார்டுல பேர் நீக்கம். இதை ஒரு மனுசன் என்கிட்ட கேட்டதில்ல. நீங்கதான் மொதல் ஆளு.

சொல்றேன் கேளுங்க. கூகுள் ஒரு பூச்சிய அனுப்பும். உண்மையான பூச்சி இல்ல, புரோகிராம். அது ஊர்ல இருக்கற எல்லா வெப்சைட்டுக்கும் போகும், ஒவ்வொரு பக்கமா படிக்கும், படிச்சதைக் கொண்டு போய் எழுதி வச்சுக்கும். நீங்க ஒரு வார்த்தையத் தேடுனா, அந்த வார்த்தை யாரு தலைப்புல இருக்கு, யாரு பக்கம் போன்ல சட்டுனு தொறக்குது, யாருக்கு ஸ்டார் ஜாஸ்தி, இதெல்லாம் பாத்து வரிசைல நிக்க வைக்கும். மொத இடத்துல இருக்கறவனுக்குத்தான் போன் போகும். ரெண்டாவது இடத்துல இருக்கறவன் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அவ்வளவுதான் ரகசியம். ஆனா அந்த மொத இடத்துக்கு ஏத்தறது இருக்கே, அது பித்துங்கண்ணா. சோறு எறங்காது. நான் ஏத்துனேன். ஏத்தி, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், ஒரு நன்றி கெட்ட ஆளால. ரெண்டு ஆளால. ரெண்டு பேரையும் சொல்றேன், சர்வர் எப்படியும் இன்னும் கால் மணி சுத்தும்.

மாரப்பன்னு ஒருத்தரு, கெங்கவல்லி ரோட்ல. ஐஸ் பெட்டி வாடகைக்கு விடறாரு. செத்தவங்களைப் படுக்க வைக்கற கண்ணாடிப் பெட்டி, தெரியுமில்ல? ரெண்டு பெட்டி, ஒரு பழைய ஆம்னி வேன். முன்னெல்லாம் எழவு விழுந்தா ஊர்ல யாராவது அவரு நம்பரைச் சொல்லுவாங்க. இப்பத்தான் புள்ளைங்க எல்லாம் பெங்களூரு, துபாய்னு இருக்குதுங்களே. அங்கருந்தே போன்ல தேடி, மொதல்ல வர்ற நம்பருக்கு அடிச்சுருதுங்க. மொதல்ல வந்தது தெடாவூர் விநாயகா ஐஸ் பெட்டி, துரைக்கண்ணுன்னு ஒருத்தரோடது. மாரப்பனுக்கு பதினாறு நாளா ஒரு போன் இல்ல. இங்க வந்து, நீங்க உக்காந்திருக்கற இதே சேர்ல உக்காந்து, "தமிழரசு, ஊர்ல யாருமே சாகலையா, இல்ல எனக்குத்தான் சொல்லலையா"ன்னு கேட்டாரு.

நானும் அப்பத்தான் ஒரு சைட்டைத் தேடிக்கிட்டு இருந்தேன். கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி. அவங்க வேலையே இதுதான், அடுத்தவங்க வெப்சைட்டை மேல ஏத்தறது. படிப்பெல்லாம் கேக்க மாட்டோம், ஏதாவது ஒரு சைட்டை முதலிடத்துக்குக் கொண்டு வந்து காட்டு, எடுத்துக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. என் எதிர்காலமே அந்த ஐஸ் பெட்டிக்குள்ள இருந்துச்சுன்னு வைங்களேன்.

ஒரு நிமிஷங்கண்ணா. அக்கா, பட்டா நகல் இன்னைக்கு வராது, சர்வர் இல்ல. நாளைக்கு வாங்க. நாளைக்குன்னா நாளைக்குத்தான்.

ஆங். படம் வேணும்னு கேட்டேன். மாரப்பன் போன்ல இருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு. பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள ஆளும் இருந்துச்சு. மாலையோட. அண்ணே, காலிப் பெட்டி படம் குடுங்கன்னேன். காலிப் பெட்டிய யாருடா படம் எடுப்பான்னாரு. அந்த ஆளை வச்சுக்கிட்டு என்ன பண்றது சொல்லுங்க. நானே நேர்ல போய் பளபளன்னு நாலு படம் எடுத்து, எடையக் கொறச்சு, ரெண்டு செகண்டுல தொறக்கற மாதிரி சைட்டைச் செஞ்சேன். கீழ கடைசி வரில, எல்லா சைட்டுலயும் இருக்கற மாதிரி, "நன்றி, மீண்டும் வருக"ன்னு போட்டேன்.

அதுக்கு ஒரு ஆட்டம் ஆடுனாரு பாருங்க. பொண்ணு படிச்சுக் காட்டியிருக்கும் போல. நேரா வந்து, கதவைப் பிடிச்சு நின்னுக்கிட்டு, "எழவு வீட்டுக்குப் போனா வரேன்னு சொல்லிட்டு வருவியாடா? பெத்த தாய் கூட சொல்ல மாட்டா. சொல்லாமத்தான கெளம்புவோம். நான் இருபது வருஷமா எந்த வீட்லயும் பெட்டிய எறக்கிட்டு வரேன்னு சொன்னதில்ல, நீ எழுதியே வச்சிருக்க"ன்னு. பூச்சிக்கு எழவு வீடு எது கல்யாண வீடு எதுன்னு தெரியுமாண்ணா? அது பாட்டுக்குப் படிச்சுட்டுப் போகப் போகுது. சரின்னு எடுத்துட்டேன். பெரியவரு, போகட்டும்னு.

ஓடிபி வந்துச்சா? சொல்லுங்க. நாலு, ஒம்போது, ஒண்ணு, ஒண்ணு... சரி. போயிருச்சு. மறுபடி சுத்துது.

அப்புறந்தான் என் மூளை வேலை செஞ்சுது. அதைக் கேளுங்க. துரைக்கண்ணு சைட்டுல ஒரே ஒரு பக்கம், "தெடாவூர் சுற்றுவட்டாரம்"னு. ஆனா ஜனங்க என்ன தேடும்? தன் ஊர்ப் பேரைப் போட்டுத்தான தேடும்? அப்ப ஊருக்கு ஒரு பக்கம் இருந்தா? ஊர்ப் பட்டியலுக்கு எங்க போறதுன்னு யோசிச்சுக்கிட்டே இதே அப்ளிகேஷனைத் தொறக்கறேன், அதுல "கிராமம்"னு ஒரு கட்டம் இருக்கும், அமுக்குனா வரிசையா எறங்கும். நூத்திப் பதினாலு ஊரு! தெனம் என் கண்ணு முன்னாடியே தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. அப்படியே அள்ளுனேன். ஒரே பக்கத்தை எழுதி, ஊர்ப் பேரை மட்டும் மாத்தி மாத்தி நூத்திப் பதினாலு பக்கம். செந்தாரப்பட்டியில் முப்பது நிமிடத்தில் ஐஸ் பெட்டி. வீரகனூரில் முப்பது நிமிடத்தில் ஐஸ் பெட்டி. உங்கள் ஊருக்கு அருகிலேயே எங்கள் கிளை. ஒரே மத்தியானத்துல முடிச்சேன், நடுவுல பதினோரு பேருக்கு ரேஷன் கார்டும் போட்டுக் குடுத்தேன்.

முப்பது நிமிஷம் எப்படியா? துரைக்கண்ணு ஒரு மணி நேரம்னு போட்டிருந்தாரு. நான் அரை மணின்னு போட்டேன். இதுல என்ன இருக்கு?

பச்சமலை மேல இருக்கற ஊரையும் விடலைங்கண்ணா. அந்தப் பேரெல்லாம் நான் கேள்விப்பட்டது கூட இல்ல. ஆனா நம்ப மாட்டீங்க, மலை ஊருதான் மொதல்ல ஏறுச்சு. ஏன்னா அந்த ஊரைப் பத்தி இன்டர்நெட்டுல வேற யாருமே ஒரு வரி எழுதல. போட்டியே இல்ல. நெல்லிமடுவுன்னு ஒரு ஊரு, மொத்தம் அறுபது வீடாம். நெல்லிமடுவு ஐஸ் பெட்டின்னு தேடுனா உலகத்துலயே நாம மட்டுந்தான். அதைப் பாத்துட்டு நான் இங்க தனியா எழுந்து நின்னு கை தட்டுனேன்.

தண்ணி குடிக்கறீங்களாண்ணா? முகம் ஒரு மாதிரி இருக்கே. ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி விடறேன்.

போன் நம்பரு என்னுதைப் போட்டேன். ஆமா, வெளிய போர்டுல இருக்கற இதே நம்பர்தான். எத்தன போன் வருது, எந்த ஊர்ல இருந்து வருதுன்னு கோயம்புத்தூர்க்காரங்களுக்குக் காட்டணுமில்ல? நான் எடுத்து, ஊரைக் குறிச்சுக்கிட்டு, மாரப்பனுக்குச் சொல்லுவேன். நாப்பது நாளு. நாப்பதே நாள்ல துரைக்கண்ணு கீழ, நாம மேல. மாரப்பன் ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிட்டு வந்து இந்த டேபிள் மேல வச்சுட்டுப் போனாரு. அந்த ஆளுக்கு அவ்வளவுதான் வரும்.

அப்புறம் பாத்தா, இவரு என்ன பண்றாருன்னா, தன்னோட ரெண்டு பெட்டியும் வெளிய போயிருந்தா வர்ற போனைத் தூக்கி துரைக்கண்ணுக்குக் குடுத்துடறாரு! நான் ராப்பகலா மண்டைய ஒடச்சுக் கொண்டு வந்த கஸ்டமரை, கூப்பிட்டுக் குடுக்கறாரு போட்டிக்காரனுக்கு. கேட்டா, "பொணம் காத்திருக்காது தம்பி. எவன் பெட்டி சும்மா நிக்குதோ அவன் போவான். அவன்கிட்ட இல்லாட்டி எனக்குச் சொல்லுவான். நாங்க எல்லாரும் அப்படித்தான்"ங்கறாரு. இப்படி ஒரு தொழில் உண்டாண்ணா? அப்புறம் எதுக்கு வெப்சைட்டு, எதுக்கு முதலிடம்? பதினாறு நாளு போன் வரலைன்னு என்கிட்ட வந்து அழுததெல்லாம் எதுக்கு? அன்னைக்கே முடிவு பண்ணுனேன். இனிமே துரைக்கண்ணுக்கு ஒண்ணு போகாது. போறதா இருந்தா என் வழியாத்தான போகணும்?

இப்ப ரெண்டாவது ஆளுக்கு வர்றேன்.

போன அக்டோபர் மாசம். கோயம்புத்தூர் கம்பெனி வீடியோல இன்டர்வியூ. காலைல பத்தரைக்கு. வெள்ளச் சட்டை போட்டு, கடைக் கதவைப் பாதி சாத்திட்டு உக்காந்திருக்கேன். ஒரு மேடம், ரெண்டு சாரு. நான் சைட்டைக் காட்டறேன், தேடிக் காட்டறேன், முதலிடம், முதலிடம், முதலிடம். அந்த நேரம் பாத்து என் போன் அடிக்குது. வெளிநாட்டு நம்பரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குதி. இதைவிட என்ன சாட்சி வேணும்? "மேடம், இப்ப லைவ்வாவே ஒரு கஸ்டமர் வர்றாங்க, கேளுங்க"ன்னு ஸ்பீக்கர்ல போட்டேன்.

குவைத்துல இருந்து ஒருத்தன். நெல்லிமடுவு. அவங்கம்மா காலைல தவறிருச்சாம். லைன் ஒரே கரகரன்னு. "தம்பி, உங்க சைட்டைப் பாத்துத்தான் அடிக்கறேன். டிக்கெட் போட்டுட்டேன். நாளைக்கு மத்தியானம் வந்துருவேன். எங்கம்மா மொகத்தைப் பாக்கணும், அது வரைக்கும் வச்சிருக்கணும். பெட்டி வந்துருமில்ல?" அப்படின்னான். நான் தெளிவா சொன்னேன், "அண்ணா, கவலையே படாதீங்க, முப்பது நிமிஷத்துல வாசல்ல நிக்கும்." எவ்வளவு நம்பிக்கையா பேசுனேன் தெரியுமா? அந்த மேடம் எழுதிக்கிட்டு இருந்த பேனாவையே கீழ வச்சுட்டாங்க. அசந்து போயிட்டாங்கன்னு நெனச்சேன்.

மேடத்துகிட்ட ஒரு நிமிஷம் டைம் கேட்டுக்கிட்டு மாரப்பனுக்கு அடிச்சேன். அவரு கத்தறாரு. ரெண்டு பெட்டியும் வெளிய இருக்கு, ஒண்ணு வீரகனூர்ல, ஒண்ணு செந்தாரப்பட்டில, நாளைக்குத்தான் வரும், என் ஆம்னி மலைக்கே ஏறாது, எவன்டா அந்த ஊரையெல்லாம் போடச் சொன்னான்னு. அப்புறம் சொன்னாரு, "துரைக்கண்ணுகிட்ட ஒண்ணு சும்மா நிக்குது, ஜீப்பும் இருக்கு. உடனே அவனுக்குச் சொல்லு."

நான் சொல்லல.

எப்படிண்ணா சொல்றது? மூணு பேரு ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டு இருக்காங்க. இப்பத்தான் துரைக்கண்ணை எப்படிக் கீழ எறக்குனேன்னு படம் போட்டுக் காட்டியிருக்கேன். அவங்க முன்னாடியே அவனுக்குப் போன் பண்ணி, ஒரு ஆளு இருக்கு, எடுத்துக்கோன்னா? மாரப்பன் நாளைக்குன்னாலும், பெட்டி எப்படியும் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு திரும்பிரும், ஏத்தி விட்டுரலாம்னு ஒரு கணக்கு. தப்பா? அப்ப எனக்கு அது சரியாத்தான் பட்டுச்சு.

குவைத்துக்காரன் விட்டானா? பத்து நிமிஷத்துல மறுபடி. வண்டி கெளம்பிருச்சுண்ணான்னேன். மறுபடி. மலை அடிவாரத்துல இருக்குண்ணான்னேன். அதுக்கு மேல போனைச் சைலன்ட்ல போட்டுட்டேன். இன்டர்வியூ ரெண்டாவது ரவுண்டுக்குப் போயிருச்சு. போன் டேபிள் மேல நடுங்கி நடுங்கி நகருது, ஒரு தடவை கீழயே விழுந்துச்சு. முடிச்சுட்டு எடுத்துப் பாத்தா பதினோரு மிஸ்டு கால். பதினோரு! ஒரு மனுசனுக்கு ஒரு நிதானம் வேண்டாமா? அப்புறம் திருப்பி அடிக்கலாம்னுதான் இருந்தேன். ரெண்டு பேரு பென்ஷனுக்கு வந்துட்டாங்க, கூட்டம். மறந்து போச்சு. வேற எங்கயாவது ஏற்பாடு பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன். மாரப்பன், நான் துரைக்கண்ணுக்குச் சொல்லிட்டேன்னு நெனச்சுக்கிட்டாரு.

ஆனா அந்த ஊர்லயே யாரோ ஒருத்தர், தெடாவூருக்குப் போன் போடலாமான்னு கேட்டிருக்காங்க. இவன் குவைத்துல இருந்துக்கிட்டு, வேண்டாம், எனக்கு வண்டி வந்துக்கிட்டு இருக்கு, அடிவாரத்துக்கு வந்துருச்சுன்னுட்டானாம். அது யாரு தப்புங்கண்ணா? நாலு எடத்துல விசாரிக்க வேண்டியது யாரு பொறுப்பு? அந்தம்மாவுக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து இருந்துச்சாம். தாங்காதுன்னு சொல்லி சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துட்டாங்க. இவன் மறுநாள் மத்தியானம் வந்து எறங்கியிருக்கான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்கறீங்களா? எழுதிட்டானேண்ணா. மூணாம் நாளு கூகுள் மேப்புல நம்ம பேருக்குக் கீழ ஒரு ஸ்டார். ஒண்ணே ஒண்ணு. பேரு கூட ஒழுங்காப் போடல, "பச்சமலை"ன்னு போட்டு ஒரு மாட்டுப் படம். மாடு! ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தான். ஊரை விட்டு நாலு வருஷமாச்சு, பக்கத்துல கிளை வந்திருக்கும்னு நம்புனேன், அப்படி இப்படின்னு. கடைசில, "எங்கம்மா மொகத்தைப் பாக்கல, மண்ணைத்தான் பாத்தேன்"னு. யாரு படிச்சாலும் கலங்கற மாதிரி எழுதிட்டான். அதுதாண்ணா எனக்குக் கோவம். ஒரு ஸ்டார் போடு, வேண்டாங்கல. ஆனா அந்த எழுத்தைப் படிச்சுட்டு எவன் நமக்குப் போன் பண்ணுவான்?

நான் மரியாதையாத்தான் பதில் போட்டேன். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் போடறாங்களே, அதே மாதிரி. "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். அடுத்த முறை உங்களுக்குச் சிறப்பாகச் சேவை செய்ய எங்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தாருங்கள்." இதுல ஒரு தப்பு சொல்லுங்க பாப்போம். அதுக்கு அவன் கீழ எழுதறான், "எங்கப்பா நான் சின்னவனா இருக்கறப்பவே போயிட்டாரு. கூடப் பொறந்தவங்க இல்ல. யாரை வச்சு உனக்கு வாய்ப்புக் குடுக்க?"ன்னு. என்ன பதில் இது? நான் பொதுவா ஒரு மரியாதைக்குச் சொன்னா, இவன் குடும்பக் கதைய எழுதறான்.

அந்த ஒத்தை ஸ்டார் மேலயே நிக்குதேன்னு, கூடப் படிச்ச பசங்க நாப்பது பேருகிட்ட சொல்லி நாப்பது அஞ்சு ஸ்டார் போட வச்சேன். அவனுங்க என்ன எழுதுனானுங்க தெரியுமா? "சூப்பர் சர்வீஸ், பெட்டி நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு." "ஃபேமிலியோட மறுபடியும் வருவோம்." ஓட்டலுக்குப் போடறதையே போட்டிருக்கானுங்க, எருமைங்க. சரி, பூச்சிக்கு ஸ்டார்தான கணக்குன்னு விட்டுட்டேன்.

மாரப்பன் அந்தக் குவைத்துக்காரன் எழுதுனதைப் படிச்சிருக்காரு. வந்தாரு. உக்காரல. மேல இருந்து கீழ வரைக்கும் என்னை ஒரு பார்வை பாத்தாரு. "அந்தப் பையனுக்கு ஒரே ஒரு போன் பண்ணி, எங்ககிட்ட இல்ல, துரைக்கண்ணு நம்பர் இதுன்னு சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"னு கேட்டாரு. நான் இன்டர்வியூன்னு சொல்றேன், காதுலயே வாங்கல. அந்த சைட்டை என் கண்ணு முன்னாடியே எடுடான்னாரு. நூத்திப் பதினாலு பக்கம். ஒரு பட்டனை அமுக்குனா போயிருதுங்கண்ணா. நாப்பது நாளு உசுரைக் குடுத்து ஏத்துனது, ஒரு பட்டன்.

அதோட விட்டாரா? மாலை வாங்கிக்கிட்டு, துரைக்கண்ணோட ஜீப்லயே மலைக்குப் போயி, அந்தம்மாவைப் பொதைச்ச எடத்துல போட்டுட்டு, அந்த வீட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டாராம். மன்னிப்பு! அப்ப நம்ம மேல தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சா இல்லையா? என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? இப்ப ரோட்ல பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு. நான் இல்லாட்டி அவரை யாருக்குத் தெரியும்?

கோயம்புத்தூரா? அதையும் கேளுங்க. மெயில்ல ஒரே வரி. "உங்கள் திறமை நன்று, ஆனால் எங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தாது." போன் பண்ணிக் கேட்டேன். அந்த மேடந்தான் எடுத்தாங்க. "அந்த அம்மாவுக்குப் பெட்டி போச்சா?"ன்னாங்க. வேலையப் பத்திக் கேட்டா பெட்டியப் பத்திக் கேக்கறாங்க. நான் ஏதோ சொல்ல வர்றதுக்குள்ள வச்சுட்டாங்க. எல்லாம் அந்த மாட்டுப் படத்தோட வேலை. ஒருத்தன் ஒரு ஸ்டார் போட்டு, ஒருத்தன் வாழ்க்கைய முடிச்சுட்டுப் போயிட்டான். அவனுக்குத் தெரியுமா அது? குவைத்துல நிம்மதியா உக்காந்திருப்பான். நேர்ல மட்டும் கெடைச்சான்னா, நாலு வார்த்தை கேட்டுருவேன்.

தொறந்துருச்சுங்கண்ணா. அப்ளிகேஷன் தொறந்துருச்சு. சீக்கிரம், மறுபடி படுத்துக்கும். இறந்தவங்க சர்டிபிகேட்டைக் குடுங்க. ஏண்ணா கவருக்குள்ள இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க, கசங்காம. நல்லது.

பேரு... செல்லம்மாள். உங்களுக்கு என்ன வேணும்? அம்மாவா. சரி. பெண். வயசு அம்பத்தெட்டு. இறந்த தேதி, பதினேழு, பத்து... பதினேழாம் தேதி அக்டோபர். எனக்கும் அன்னைக்குத்தான் இன்டர்... சரி. மாவட்டம். தாலுக்கா. கிராமம். கிராமம் எதுங்கண்ணா, இங்க மை கொஞ்சம் மங்கலா...

நெல்லி...

இருங்க. பட்டியல்ல தேடணும். எறங்கி வருது.

அந்த ஊரு கொஞ்சம் பெரிய ஊருதானுங்களே? அறுபது வீடுன்னா, அந்த ஒரே நாள்ல வேற யாராவது கூட... இல்லையா. உங்க ஆதார்ல ஆத்தூர் அட்ரஸ் போட்டிருந்துச்சு, அதான் நான்... சம்சாரத்து ஊரா அது. சரி. சரிங்கண்ணா.

தேர்வு பண்ணிட்டேன். நெல்லிமடுவு. பச்சைக் கலர் டிக் வந்துருச்சு பாருங்க. கையெழுத்து இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஆச்சு. ரசீது வருது. பதினஞ்சு நாள்ல தாலுக்கா ஆபீஸ்ல இருந்து ஆர்ஐ விசாரணைக்கு வருவாரு. அது வரைக்கும் ஏதாவது சந்தேகம்னா, வெளிய போர்டுல நம்பர் இருக்கு, போட்டுக்கங்க, எப்ப வேணா கூப்...

என்னது?

"உன் நம்பர் என்கிட்ட இருக்கு. அன்னைக்குப் பதினோரு தடவை அடிச்சேன்."

அப்ப நீங்க உள்ள வரும்போதே தெரிஞ்சுதான் வந்தீங்களா? நம்பரை வச்சுத் தேடி, போர்டைப் பாத்து? தெரிஞ்சே என்னை இவ்வளவு நேரம் பேச விட்டீங்களா? இது நியாயமாண்ணா? மொதல்லயே நான் இன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்ல. ஃபேனைக் கூடத் திருப்பி விட்டேன் உங்களுக்கு.

சரி, விடுங்க. ஆனது ஆயிப் போச்சு. நேர்லயே வந்துட்டீங்க, கேட்டுடறேன். அந்த ஸ்டாரு. சைட்டை எடுத்தாச்சு, மாரப்பன் மன்னிப்பும் கேட்டாச்சு. அந்த ஒண்ணு மட்டும் இன்னும் மேப்புலயே நிக்குது, தேடுறவன் கண்ணுக்கு மொதல்ல அதுதான் படுது. நான் இன்னொரு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலைங்கண்ணா. அழிக்கத் தெரியலைன்னா போனைக் குடுங்க, நானே அழிச்சுத் தர்றேன். உங்களுக்கும் மனசு ஆறும்.

எழுந்திரிச்சுட்டீங்க. ரசீதை எடுத்துக்கங்க. அந்தக் கவரையும் எடுத்துக்கங்க, அம்மா சர்டிபிகேட்டு.

அண்ணா. அண்ணா, அந்த ஸ்டாரு? பாத்துப் போங்க, படி ஒடைஞ்சிருக்கும். என்னங்கண்ணா இது, திரும்பிக் கூடப் பாக்காம. வரேன்னாவது சொல்லிட்டுப் போங்க. இது கம்ப்யூட்டர் கடைங்கண்ணா. எழவு வீடு இல்ல.